வாக்குத்தத்த அட்டையில் வந்த சமாதானம் என் வீட்டுக்குள் ஏன் வரவில்லை?

கேள்வி: 2 ஜனவரி 2024

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. டிசம்பர் 17ஆம் தேதி இரவு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. முன்னறையில்தான் என் ஜெராக்ஸ் கடை. இரண்டு இயந்திரங்களும் கணினியும் போயின. கிறிஸ்துமஸ் அன்று சேறு அள்ளினோம். 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளை வைத்திருந்த தட்டிலிருந்து நான் எடுத்ததில் எரேமியா 29:11 வந்தது. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம் வந்தது. எனக்கு 31 வயது. விசுவாசத்தில் கிடைக்கும் என்று சொல்லப்படுகிற சமாதானம் எங்கே இருக்கிறது? நான் எதற்காக இருக்கிறேன் என்பதற்கு அதில் பதில் உண்டா? ‘ஜெபியுங்கள்’ என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில்: 3 ஜனவரி 2024, காலை

தம்பி, அந்த வசனம் உங்கள் அட்டை தொடங்குகிற இடத்தில் தொடங்கவில்லை. எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமல் அங்கேயே மண்ணாகப் போகிறார்கள் என்பதுதான் அந்த வாக்குத்தத்தத்தோடு ஒட்டிவந்த செய்தி. எழுபதை அச்சிட்டால் அட்டையை யாரும் வாங்க மாட்டார்கள்; ஆகவே பதினொன்று மட்டும் பூப்படத்தின் மேல் தங்க எழுத்தில் வருகிறது.

முந்தின அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். அசூரின் குமாரன் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று எல்லாருக்கும் முன்பாகச் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்துப் போடுகிறான். அன்றைக்குக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் அனனியாவுக்குத்தான் ‘ஆமென்’ சொல்லியிருப்பேன். டிசம்பர் 31 நள்ளிரவில் நாம் கேட்க விரும்புவது அனனியாவின் குரல்; அட்டையில் அச்சாகியிருப்பதோ எரேமியாவின் வார்த்தை. உங்களுக்கு வந்த கோபம் அந்த இடைவெளியில் பிறந்தது என்று நினைக்கிறேன்.

3 ஜனவரி 2024, இரவு

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒரு தனி மனிதனோடு பேசும்போது ‘நீ’ என்றுதான் பேசுவார். எரேமியாவிடமே, ‘நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்கு முன்னே உன்னை அறிந்தேன்’ என்கிறார். மரியாதைப் பன்மை அவருக்குத் தேவைப்படுவதில்லை. அப்படியானால் 29:11இல் ‘உங்கள்பேரில்’ என்று வருவது உண்மையான பன்மை. ஒரு கூட்டத்துக்குச் சொன்னது. எபிரெயத்திலும் அது பன்மையே. நாமோ பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் ‘நீங்கள்’ என்று அழைத்துப் பழகியவர்கள் ஆதலால், அட்டையைக் கையில் எடுத்தவுடன் ‘உங்கள்’ என்பது மரியாதையோடு எனக்கே சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். தமிழின் மரியாதை செய்த குழப்பம் இது.

நான் உங்களைத் தம்பி என்று அழைத்துவிட்டு ‘நீங்கள்’ என்று எழுதிக்கொண்டிருப்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

7 ஜனவரி 2024

இன்று ஆலயத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் எழுதிய இரண்டு குறிப்புகளும் மனதை உறுத்தின. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவனுக்கு வேதபாட வகுப்பு நடத்தியிருக்கிறேன். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. அந்த இரவு மின்சாரம் போனதைத் தவிர எனக்கு ஒன்றும் நேரவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதையே நான் இரண்டு நாள் கழித்துக் கைபேசியில்தான் வாசித்தேன். மேட்டில் இருக்கிறவனுக்கு எழுபது வருஷத்தைப் பற்றிப் பேசுவது எளிது.

அட்டைகளைப் பற்றி நான் எழுதிய தோரணையையும் திருத்திக்கொள்கிறேன். என் அம்மாவிடம் ஒரு வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது. சோப்புப் பெட்டி அளவு; உள்ளே பீடித்துண்டு பருமனில் சுருட்டிய காகிதங்கள் நெருக்கமாக நிற்கும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகையால் காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் வாசித்துவிட்டு மறுபடி சுருட்டிச் செருக வேண்டும். வசனம் அன்றைய நாளுக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் இன்னொன்றை எடுப்பார். மூன்றாவதாக எடுப்பதுதான் கர்த்தருடைய சித்தம் என்று அப்பா கேலி செய்வார். அப்பாவுக்கு வேலை இல்லாமல் போன பதினான்கு மாதங்களும் அந்தப் பெட்டி திறக்காத நாளில்லை. அம்மாவுக்குச் சூழலும் சந்தர்ப்பமும் தெரியாது. பாபிலோன் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் வசனத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய் அரிசிப் பானையிலிருந்து சபைக்கென்று கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். பானையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மாட்டார், நான் பார்ப்பேன்.

ஆகவே அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். 11ஐ வைத்துக்கொண்டு, 5லிருந்து வாசியுங்கள்.

19 ஜனவரி 2024

5ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வீடுகளைக் கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. 7ஆம் வசனம், சிறைப்பட்டுப் போன ‘பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்’ என்கிறது. 7லும் 11லும் எபிரெயத்தில் ஒரே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு இடத்திலும் ‘சமாதானம்’ என்றே போட்டு அந்த இணைப்பை அறுக்காமல் விட்டிருக்கிறார்கள். உங்கள் அட்டையில் வாக்களிக்கப்பட்டிருக்கிற அதே பொருளை நான்கு வசனத்துக்கு முன்னால் ஊருக்காகத் தேடச் சொல்லியிருக்கிறது. அதுவும் பகைவனுடைய ஊருக்காக.

இதை நான் கொஞ்சமாவது புரிந்துகொண்டது என் மேசையில்தான். 26 வருஷமாக வங்கியில் நகைக் கடன் பிரிவில் இருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கும், புரட்டாசி ஐப்பசியில் விதைப்புக்கும், மற்ற மாதங்களில் மருத்துவமனைக்கும் நகைகள் வரும். இந்த ஜனவரியில் வந்ததுபோல் எந்த ஜனவரியிலும் வந்ததில்லை.

நேற்று ஆற்றோரக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். முறுக்குச் சங்கிலி. முறுக்குகளுக்குள் வண்டல் இறுகிப் போயிருந்தது. தங்கத்தின் நிறமே தெரியவில்லை. தராசில் வைத்ததும் 24.310 கிராம் காட்டியது. நகை மதிப்பீட்டாளர் தலையை அசைத்துவிட்டு, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் சங்கிலியைப் போட்டுப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தார். கிண்ணத்துத் தண்ணீர் தேநீர் நிறமாயிற்று. துடைத்து மறுபடி நிறுத்தபோது 24.060. கால் கிராம் குறைந்துவிட்டதே, தேய்த்ததில் தங்கம் போய்விட்டதா என்று அந்த அம்மாள் பதறிவிட்டார். கிண்ணத்தை அப்படியே அவர் முன்னால் நகர்த்தி வைத்து, தண்ணீர் தெளியட்டும், பாருங்கள் என்றேன். பின்னால் வரிசை நின்றது. தெளிந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு. அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்து, இது எங்கள் வீட்டுச் சேறுதான், ஒரு மாதமாக இந்த வாடையில்தான் படுக்கிறோம் என்றார். பிறகு கையொப்பம் இட்டார். தையல் இயந்திரமும் இரண்டு ஆடும் வாங்கப் போகிறாராம்.

நான் அந்த அம்மாளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வட்டியைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர் தெளிகிற வரை அவசரப்படுத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் என் உள்ளம் ஓர் ஆராதனையில் இருப்பதுபோல் அடங்கி இருந்தது. காலையில் முழங்காலில் நின்றபோது கிடைக்காதது அது.

20 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த அம்மாள் போனவுடன், அடுத்து வந்த பெரியவர் ஆதார் நகல் கொண்டுவரவில்லை என்பதற்காக எரிந்து விழுந்தேன். அவர் வீட்டிலும் தண்ணீர் வந்திருக்கும்; காகிதம் எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து நிமிஷ ஆராதனையின் ஆயுசு ஐந்து நிமிஷந்தான்.

14 பிப்ரவரி 2024

இன்று சாம்பல் புதன்; ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமாகிய லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. காதலர் தினமும் இதே நாளில் வந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் ரோஜாவோடு வந்தாள். நான் உபவாச முகத்தோடு போனேன். இரண்டு பேரையும் பார்த்து மேலாளர் சிரித்தார்.

‘எதற்காக இருக்கிறேன்’ என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்துச் சபைகளில் இந்தக் கேள்விக்கு ஒரு தயார் விடை உண்டு: ஊழியம். அதிலும் முழுநேர ஊழியம். பிள்ளை நோயில் பிழைத்தால் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகப் பொருத்தனை. கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் கை தூக்கச் சொல்லும் அழைப்பு. நானும் 19 வயதில் கை தூக்கினேன். மறுவருஷம் வங்கித் தேர்வு எழுதினேன். அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம், கர்த்தரிடம் வாங்கிய கடனைக் கட்டாமல் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்ற உணர்விலேயே அலுவலகம் போய்வந்தேன். ஆலயத்தில் போதகர் ஐயர் ‘அழைப்பு’ என்று சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன்.

இது எவ்வளவு வினோதம் என்று பாருங்கள். 1706ஆம் வருஷம் ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க், மார்ட்டின் லுத்தரின் வழிவந்த சபையைச் சேர்ந்தவர். அந்த லுத்தர்தான், குருமடத்துக்குப் போகிறவனுக்கு மட்டும் உரியதாயிருந்த ‘அழைப்பு’ என்ற சொல்லை எடுத்து, செருப்புத் தைக்கிறவனுக்கும் பால் கறக்கிற பெண்ணுக்கும் உரியதாக்கினவர். ஜெர்மன் மொழியில் இன்றும் தொழிலுக்கு வழங்குகிற சொல் அழைப்பு என்ற பொருளில் பிறந்ததே. அவரைப் பின்பற்றியவர்கள் கொண்டுவந்த சுவிசேஷத்தைக் கேட்டு வளர்ந்த நாம், சுற்றிவந்து பழைய இடத்திலேயே நிற்கிறோம். அங்கியை அணிந்தவர் அழைக்கப்பட்டவர். மற்றவர்கள் காணிக்கை போடுகிறவர்கள்.

எனக்கு ஆறுதலான வசனம் 1 கொரிந்தியர் 7:20. ‘அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்.’ நகைத் தராசுக்கு முன்னால் நிலைத்திரு என்று எனக்குச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டேன்.

16 பிப்ரவரி 2024

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்துவிட்டு நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர் சூடாகத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். ‘நிலைத்திரு’ என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இனிக்கும். என் பாட்டிக்குப் பாட்டி அப்படி நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார். அவர் சொல்வது தோள்சீலைப் போராட்டத்தை. தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்க உரிமை மறுக்கப்பட்ட நாடார் பெண்கள், அவர்களில் முந்தினவர்கள் கிறிஸ்தவர்களான பெண்கள், அடியும் அவமானமும் பட்டு, ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டு, 1820களில் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் 1859இல்தான் அரச பிரகடனத்தைப் பெற்றார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்று ஒரு முள் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்களுக்குச் சமாதானம் குலைந்ததே ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான்.

அவர் சொல்வது சரி. 20ஐ மேற்கோள் காட்டிய நான் 21ஐ விட்டுவிட்டேன். அடிமையாய் அழைக்கப்பட்டவனே, நீ விடுதலையாகக்கூடுமானால் அதைச் செய் என்று அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. எல்லா வசனத்துக்கும் முந்தினதை வாசி என்று உங்களுக்கு உபதேசம் செய்தவன், தனக்கு வேண்டியது வந்தவுடன் பிந்தினதை வாசிக்காமல் நின்றுவிட்டேன். நானும் ஓர் அட்டைதான் அச்சிட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். இன்றைக்கும் நம் ஊர்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் நிர்வாகத் தேர்தல் வந்தால் ஆலய வளாகத்தில் காவல்துறை வாகனம் நிற்கிறது. அங்கே போய் ஒருவன், என் உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது என்று சாட்சி சொன்னால், அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம்.

3 மார்ச் 2024

ஒரு மாதமாகத் தூக்கமில்லை, ஜெபத்தில் வார்த்தை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவனுக்கு வசனம் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்று தட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் அதையேதான் செய்தான். ஓரேப் மலையும் அங்கே கர்த்தர் பேசிய மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான்.

வைத்தியரைப் பாருங்கள். இதைச் சொல்வதால் என் விசுவாசம் குறைந்துவிடாது, உங்களுடையதும் குறையாது. வார்த்தை வராத நாளில் 88ஆம் சங்கீதத்தை எடுத்து அப்படியே வாசியுங்கள். அதில் கடைசி வரி வரை வெளிச்சம் வராது. அதையும் சேர்த்துத்தான் வேதாகமம் என்று கட்டியிருக்கிறார்கள்.

17 மார்ச் 2024

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏதோ நான் மாதிரிக் குடும்பம் நடத்துவதுபோல். இரவு எட்டரைக்கு அடுத்த வீட்டில் தொடர் நாடகம் தொடங்கும். எங்கள் பாட்டும் அவர்களுடைய தலைப்புப் பாட்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். சுதி அவர்களுக்குத்தான் சேரும். என் மகன் முழங்காலில் நின்று நாற்காலியில் முகம் புதைத்தான் என்றால் பக்தி என்று எண்ணிவிடக் கூடாது. ஒருநாள் ஆமென் சொல்லி எல்லாரும் எழுந்த பிறகும் அவன் எழவில்லை, குறட்டை வந்தது. நீண்ட ஜெபம் என்னுடையதுதான். சுருக்கிக்கொண்டேன். அது அந்த வருஷம் ஜெபத்தால் எங்கள் வீட்டில் ஏற்பட்ட நல்ல மாற்றங்களில் ஒன்று.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘சமாதானம்’ என்ற சொல் என் மேசையில் வேறு பொருளில் புழங்குகிறது. தவணை தவறியவரிடம் மேலாளர், சமாதானம் சொல்லாதீர்கள், பணத்தைக் கட்டுங்கள் என்பார். சாக்குப்போக்குக்கும் அதுதான் பெயர். சண்டை போட்ட இருவரைச் சேர்த்துவைப்பதற்கும் அதுதான் பெயர். கத்தோலிக்க நண்பர்களின் 1995ஆம் வருஷத்துப் பொது மொழிபெயர்ப்பில் யோவான் 14:27 ‘அமைதியை உங்களுக்கு விட்டுச் செல்கிறேன்’ என்று வருகிறது. காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பழையதே பிடிக்கிறது. அமைதிக்கு ஒருவன் போதும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் கிடைத்துவிடும். சமாதானத்துக்கு இரண்டு பேராவது வேண்டும். நான்கு வருஷமாகப் பேசாத என் அண்ணனின் முகம் இந்த வரியை எழுதும்போது கண்முன் வருகிறது, ஆகையால் நிறுத்திக்கொள்கிறேன்.

31 மார்ச் 2024, இரவு

இவ்வருஷம் ஈஸ்டரும் கணக்கு வருஷத்தின் கடைசி நாளும் ஒன்றாக வந்துவிட்டன. அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிக் கிளைகள் ஞாயிற்றுக்கிழமையானாலும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோதுகூட என் மனம் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கேட்டால் தருவார்களா என்பதையே சுற்றிக்கொண்டிருந்தது. தரவில்லை. அதிகாலை நாலரை மணி ஆராதனைக்குப் போய்விட்டு, வெள்ளைச் சட்டையை மாற்றாமல் பேருந்து ஏறினேன். முனகிக்கொண்டே ஏறினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கிளையில் நானும் இன்னோர் அதிகாரியும். அவர் இஸ்லாமியர், ரமலான் மாதம் நடக்கிறது, நோன்பில் இருந்தார். என் லெந்து உபவாசம் அன்று காலையோடு முடிந்துவிட்டது. என் பையில் வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த ஆட்டிறைச்சிக் குழம்பும் இடியாப்பமும் இருந்தன. மூடியைத் திறந்தால் வாசனை அறை முழுவதும் போகும். ஒரு மணி வரை திறக்கவில்லை. அவரே எழுந்து வந்து, இன்று உங்கள் பெருநாள், நீங்கள் சாப்பிடாமல் இருந்தால் என் நோன்புக்குத்தான் கணக்கில் குறையும் என்று சொல்லிவிட்டு, கோப்புகளை எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அறைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய உறவினர்களும் காயல்பட்டினத்தில் வெள்ளத்தில் சிக்கியவர்கள்தாம். டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலைப் பற்றிப் பேசினோம். சுமார் 800 பேர் இருந்தார்கள். பலர் முருகன் கோயிலுக்கு வந்து திரும்பியவர்கள். பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்களைச் சுற்றியும் தண்ணீர் நிற்கையில், இருந்ததை வைத்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். எரேமியா 29:7ஐ அந்த ஊரில் யாரும் மனப்பாடம் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஆள் வரத்து இல்லை. வாசலின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, காலையில் வாசித்த யோவான் 20ஐக் கைபேசியில் மறுபடி எடுத்தேன். ‘கதவுகள் பூட்டியிருக்கையில்’ என்று 19ஆம் வசனத்தில் வருகிறது. சீஷர்கள் பயத்தால் பூட்டிய கதவுகள். உள்ளே வந்து நின்ற இயேசு ‘உங்களுக்குச் சமாதானம்’ என்கிறார். உடனே கைகளையும் விலாவையும் காட்டுகிறார். நாற்பது ஈஸ்டர்களாவது இதைக் கேட்டிருப்பேன். அவர் அதை அங்கேயே இரண்டாம் முறையும் சொல்கிறார் என்பது இன்றுதான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை சொல்லிவிட்டு, ‘பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்’ என்கிறார். முதல் சமாதானத்துக்குப் பக்கத்தில் ஆணித் தழும்பு. இரண்டாவதற்குப் பக்கத்தில் வேலை. தம்பி, நீங்கள் ஜனவரியில் தனித்தனியாகக் கேட்ட இரண்டு கேள்விகளும் அங்கே மூன்று வசனத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தழும்பு ஆறிப்போகவில்லை, மறைக்கப்படவும் இல்லை. பயப்பட்டவர்களுக்குத் தைரியம் வந்த பிறகு அனுப்பவும் இல்லை. எட்டு நாள் கழித்தும் அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று 26ஆம் வசனம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது.

அந்த நேரத்தில் கதவுக்கு அடியில் குனிந்து ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சேமிப்புப் புத்தகத்தில் வரவு பதிய வேண்டுமாம். அரசுக் கணக்கு வேலைக்கு மட்டுமே இன்று திறந்திருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜனவரியில் ஆதார் நகல் இல்லாமல் வந்து என்னிடம் திட்டு வாங்கியவர் அவர். பதிந்து கொடுத்தேன். வெள்ள நிவாரணம் 6000 ரூபாயைக் கையில் வாங்கியவர், அதில் பாதியை இங்கே போட்டு வைத்திருந்தார். மூன்று மாதமாக அதைத் தொடவில்லை.

2 ஏப்ரல் 2024

அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று தம்பி கேட்கிறார். கேட்கவில்லை. வாய் வரவில்லை. நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

இதற்கிடையில் தம்பி தம்மைப் பற்றி ஒரு செய்தியை இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிப்ரவரி முதல் வாரத்திலேயே ஒரு பழைய இயந்திரத்தைத் தவணையில் வாங்கிப் போட்டுவிட்டாராம். வெள்ளத்தில் சான்றிதழ் இழந்தவர்களுக்கென்று நடந்த முகாம்களுக்குத் தேவையான விண்ணப்பங்களையும், வங்கிக்கு வேண்டிய ஆதார் நகல்களையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், இல்லாதவர்களிடம் கேட்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பத்தை நிரப்பியும் கொடுக்கிறார். இவ்வளவையும் செய்துகொண்டே, நான் எதற்காக இருக்கிறேன் என்று இங்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நானும் பாபிலோன் வரை அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் எரிந்து விழுந்த பெரியவரின் ஆதார் நகலும் அவர் கடையில் எடுத்ததாக இருக்கலாம். ஒரே ஆற்றங்கரைதானே.

15 டிசம்பர் 2024

மூன்று நாளாக மறுபடி அதே மழை. ஆற்றில் வெள்ளம். போன வருஷத்து அளவுக்கு இல்லை என்றாலும், 13ஆம் தேதி இரவு இந்தக் கரையில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். மேட்டில் இருக்கிற நானும் தூங்கவில்லை. அதிகாலையில் அண்ணன் வீட்டு எண்ணுக்கு அழைத்துவிட்டேன். அவர் வீடு பள்ளத்தில் இருக்கிறது. ‘தண்ணீர் வந்ததா’ என்றேன். ‘வரவில்லை’ என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சிறிது நேரம் மழைச் சத்தத்தை இரு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தோம்.

தம்பியிடம் விசாரித்தேன். வீட்டு வாசற்படி வரை வந்து நின்றுவிட்டதாம். கடைக்குள் செங்கல் வைத்து நான்கடி உயர மேடை கட்டி, இயந்திரத்தை அதன்மேல் ஏற்றியிருக்கிறாராம். தாளை எடுக்க முக்காலியில் ஏற வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பழைய அட்டை எங்கே என்று கேட்டேன். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறதாம். கீழே பேனாவால் 5, 7, 10 என்று எழுதியிருக்கிறாராம். நகல் எடுக்க வருகிறவர்கள் அதை விலைப்பட்டியல் என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

16 டிசம்பர் 2024

திருத்தம். மேடை மூன்றடிதான் என்று தம்பி சொல்கிறார். போன வருஷம் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் ஒரு செங்கல் வரிசை கூடுதலாக வைத்திருக்கிறார்.